படிக்க மட்டும்



இது ஏதோ பொறியியல் மாணவர் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நம் மன்றத்தின் பெயரால் தாராவியிலும் செம்பூரிலும் படிப்பறைகளில் நாம் வைத்திருக்கும் சிறு கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பற்றியது இது. அவற்றிற்காகக் கலை மாணவர்கள் மாட்டுங்காவில் கடை கடையாக ஏறி இறங்கி நிதி திரட்டினார்கள். வணிகவியல் மாணவர்கள் காசுக்குக் காசு கணக்கு வைத்தார்கள். பொறியியல் மாணவர்களாகிய நாங்கள் கெடுத்தோம். கெடுத்தவர்களில் முதல்வன் நான். ஆகவே எழுதும் கடமையும் எனக்கே.

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. சயான் நிலையத்தில் இறங்கி, நைண்ட்டி ஃபீட் ரோடு வழியே முழங்கால் நீரில் நடந்து, தாராவிப் படிப்பறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று பிற்பகல் மட்டும் மின்சாரம் நான்கு முறை போய் நான்கு முறை வந்ததாம். ஐந்தாம் முறை வந்தபோது பெட்டி விழிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை விளக்கு இமைக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு டி.வி.யை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். வேர்க் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய இயலவில்லை என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கெர்னல் கைவிரித்து நின்றது.

உள்ளங்கை அகலமே உள்ள ராஸ்பெரி பை கம்ப்யூட்டர் அது, வன்தட்டு கிடையாது, விரல்நக அளவுள்ள மெமரி கார்டுதான் அதற்கு எல்லாம். இணையம் இல்லாமலே படிக்கத் தமிழ் விக்கிப்பீடியாவின் படியொன்றை அதில் வைத்திருந்தோம். பாடநூல்களை வைத்திருந்தோம். பழைய கைப்பேசிகளிலிருந்து பிள்ளைகள் கட்டுரை எழுதிச் சேர்த்து வைக்க ஒரு பக்கமும் அமைத்திருந்தோம். விக்கிப்பீடியா போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், பாடநூலும் அப்படியே. பிள்ளைகள் எழுதியவை? ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண், தன் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய கதையை, ஆச்சி சொல்லச் சொல்ல, மூன்று மாதமாக அதில் எழுதி வந்தாள். "அண்ணே, நான் எழுதினது உள்ளதான இருக்கு?" என்று கேட்டாள். கார்டை விடுதிக்கு எடுத்து வந்து இரண்டு இரவு போராடினேன். மீண்டது பதினேழு வரி. "பரவால்லண்ணே, திருப்பி எழுதிருதேன்" என்றாள். அவள் எழுதவில்லை. ஆச்சி அதற்குள் ஊருக்குப் போய்விட்டார்.

மழையைப் பழிக்கலாம், மின்சாரத்தைப் பழிக்கலாம், மலிவான கார்டைப் பழிக்கலாம். நண்பர்கள் சிலர் அப்படித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆயின் உண்மை யாதெனின், தொடங்கும்போது எந்தக் கோப்பு முறைமையை எங்கே, எவ்வாறு மவுண்ட் செய்வது என்று குறிக்கும் ஒரு வரியில், ஒரு சொல்லைப் பற்றி நான் சிந்திக்கவே இல்லை. அந்தச் சொல்லைப் பற்றியதே என் வழக்கு.

மவுண்ட் என்பதை 'ஏற்றுதல்' என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ வண்டியில் மாடு பூட்டுவதே நினைவுக்கு வருகிறது. மாடு தொழுவத்தில் நிற்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது. நுகத்தில் பூட்டும்வரை இரண்டுக்கும் தொடர்பில்லை. அதுபோலவே கோப்புகள் சில்லில் கிடக்கின்றன, கெர்னல் விழித்தெழுகிறது, இன்ன இடத்தில் இன்ன கோப்பு முறைமை என்று பூட்டிய பின்னரே ஒரு கோப்பாவது கண்ணுக்குப் புலப்படும். பூட்டும்போதே ஒரு நிபந்தனையும் உண்டு: படிக்க மட்டுமா, படிக்கவும் எழுதவுமா? நாம் வாய்மூடி இருந்தால், பெரும்பாலும் எழுதவும் என்றே கொள்ளப்படும். நான் வாய்மூடி இருந்தேன்.

எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெடுவது ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பால். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த பொருள் இது. இன்று கார்டுகளில் இருக்கும் நாண்ட் வகை 1987-இல் வந்தது. இதன் குணத்தை அறிய நம் ஊர்ச் சுவரெழுத்தை நினைத்துக்கொண்டால் போதும். வெள்ளையடித்த சுவரில் எழுதலாம். எழுதிய ஓர் எழுத்தை மட்டும் அழித்து அவ்விடத்தில் வேறெழுத்து எழுத முடியாது. எழுத வேண்டுமானால் சுவர் முழுவதற்கும் மறுபடி வெள்ளையடிக்க வேண்டும். ஃபிளாஷிலும் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது பிளாக் பிளாக்காக. பழைய நாண்ட் சில்லு ஒன்றில் பக்கம் 2 கிலோபைட், பிளாக் 128 கிலோபைட் என்றால், ஒரு பக்கத்தைத் திருத்த அறுபத்து நான்கு பக்கங்களை அழிக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளையடிப்புக்கும் சுவர் கொஞ்சம் உதிரும். முற்காலத்துச் சில்லுகள் ஒரு லட்சம் முறை தாங்கின. ஓர் அறையில் இரண்டு மூன்று பிட்களைத் திணிக்கும் இக்காலத்து மலிவுச் சில்லுகள் சில ஆயிரம் முறைக்கே சோர்ந்துவிடுகின்றன.

ஆகவே இதைப் பயன்படுத்துவோர், பழைய எழுத்தின்மேல் எழுதாமல், வெறுமையான வேறிடத்தில் புதிதாக எழுதிவிட்டு, 'இனி இதுதான் செல்லும்' என்று குறித்துக்கொள்ளும் வழியைக் கண்டார்கள். அந்தக் கணக்கை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் கருவிகள் இரு கட்சியாகப் பிரிகின்றன. பலகையில் வெறும் சில்லை ஒட்டிவைத்த கருவிகளில் கெர்னலே கணக்குப்பிள்ளை. அதற்கென்றே 2001-இல் டேவிட் உட்ஹவுஸ் எழுதிய ஜேஎஃப்எஃப்எஸ் 2, நியூசிலாந்தின் சார்லஸ் மானிங் எழுதிய யாஃப்ஸ், 2008-இல் லினக்ஸில் சேர்ந்த யுபிஐஎஃப்எஸ் முதலியன இருக்கின்றன. (காய்கறிக் கடையில் பணம் அனுப்பும் யுபிஐ வேறு, தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது என் குற்றமன்று.) மெமரி கார்டிலோ, கார்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து கணக்கெழுதுகிறது. நமக்கு அது காட்டுவது ஒரு பொய்த் தோற்றம்: நான் ஒரு சாதாரண வட்டு என்கிறது. உள்ளே எந்தக் கணம் எந்தப் பிளாக்கை நகர்த்துகிறது என்பதை நாம் அறிய வழியில்லை. நகர்த்தும் கணத்தில் மின்சாரம் போனால், நாம் தொட்டே பார்க்காத கோப்பும் சிதையலாம். தாராவியில் நடந்தது அதுதான் என்பது என் துணிபு. கார்டு வாய்திறந்து சாட்சி சொல்லாது.

இந்தப் பாடத்தை உலகம் முன்பே படித்திருக்கிறது. நமக்கு மிக அருகிலேயே அந்தப் பாடநூல் விரிந்து கிடந்தது. ராய்கட் மாவட்டத்தில், கர்ஜத் பக்கம், கைராட் என்றொரு சிற்றூர். 2007-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே ஓராசிரியர் பள்ளியொன்றின் குழந்தைகளுக்குப் பச்சையும் வெள்ளையுமான சிறு மடிக்கணினிகள் வந்தன. நிக்கோலஸ் நெக்ரோபாண்டே அறிவித்த 'குழந்தைக்கொரு மடிக்கணினி' இயக்கத்தின் எக்ஸ்ஓ பொறிகள் அவை. இந்தியாவில் அவ்வியக்கத்தின் முதல் முயற்சி அது. மின்சாரம் தடுமாறும் ஊர்களையும் குழந்தைகளின் கைகளையும் மனத்தில் வைத்து உருவான அப்பொறியில் சுழலும் வட்டு கிடையாது. 1 கிகாபைட் நாண்ட் ஃபிளாஷ். அதன்மேல் ஜேஎஃப்எஃப்எஸ் 2.

ஜேஎஃப்எஃப்எஸ் 2 மின்வெட்டுக்கு அஞ்சாது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினாலும், அரைகுறையான கடைசிக் குறிப்பைத் தள்ளிவிட்டு முந்தையதைக் கொள்ளும். அந்த அளவில் என் கார்டைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆயின் கணக்கின் அட்டவணையை அது சில்லில் எழுதி வைப்பதில்லை. மவுண்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் சில்லை நெடுகப் பார்த்து, அட்டவணையை ராமில் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு கடைக்காரர் தினமும் காலையில் சரக்கு முழுவதையும் எண்ணிய பிறகே கதவைத் திறப்பது போல! சரக்கு நான்கு மூட்டை என்றால் எண்ணலாம். 1 கிகாபைட் என்பது, சிறு சில்லுகளுக்காக எழுதப்பட்ட அந்த முறைக்குப் பெருஞ்சரக்கு. சில்லு பெருகப் பெருக நேரமும் ராமும் பெருகின. அட்டவணையைச் சில்லிலேயே வைக்கும் யுபிஐஎஃப்எஸ் பிறந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு குறையே எனக்கு அதிகம் உறைத்தது. குழந்தைகள் படம் எடுத்தார்கள், பாட்டுச் சேர்த்தார்கள், சில்லு நிரம்பியது. எக்ஸ்ஓ பொறிகளில் சில்லு முற்றும் நிரம்பினால், தொடங்கும்போது எழுத வேண்டிய சிறு கோப்புகளுக்குக்கூட இடமின்றி, திரை வருவதற்கு முன்பே பொறி நின்றுவிடும். அழித்து இடம் செய்யலாமே என்றால், அழிப்பதும் இந்த முறையில் ஓர் எழுத்துத்தான். 'இது செல்லாது' என்ற குறிப்பை எழுத இடம் வேண்டும். வீட்டைக் கூட்டுவதற்கே வீட்டில் கொஞ்சம் இடம் வேண்டுமல்லவா? முழுவதையும் புதிதாக நிறுவினால் பொறி எழும். குழந்தை எழுதியது போகும். பேரறிஞர்கள் கூடிச் செய்த பொறியில், ஒரு குழந்தை ஆசையோடு அதிகம் பயன்படுத்தியதே குற்றமாகிவிட்டது. கைராட்டின் குழந்தைகளுக்கு இது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கையிலிருந்த பொறியின் குணம் இது என்கிறேன்.

பூமியில் ஓர் அறைக்குள் நடந்தால் நடந்து போய்ப் பார்க்கலாம். செவ்வாய்க் கோளில் நடந்தால்? 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி, பதினெட்டாம் செவ்வாய் நாளில், ஜனவரி 21 அன்று, திடீரென்று மௌனமாயிற்று. அதில் 256 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் ராம். ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்தவையும் செவ்வாயில் சேர்ந்தவையுமாகக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. மவுண்ட் செய்யும்போது அடைவுகளின் விவரம் முழுவதும் ராமில் ஏற வேண்டும். அதற்கென ஒதுக்கிய ராம் போதவில்லை. போதாமையால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொண்டது, தொடங்கியதும் மவுண்ட் செய்ய முயன்றது, மறுபடி போதவில்லை. இப்படியே இரவெல்லாம் உறங்காமல் விழுந்தும் எழுந்தும் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஊர்தியைக் காப்பாற்றியது யாதெனில், வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே வைத்திருந்த ஒரு வாசல்: ஃபிளாஷை மவுண்ட் செய்யாமலே, ராமை மட்டும் கொண்டு தொடங்கு என்று கட்டளையிட வழி இருந்தது. பாசடேனாவிலிருந்து அந்தக் கட்டளை போயிற்று. பேச்சு மீண்டது. வேண்டாத கோப்புகளை அழித்தார்கள். பிப்ரவரியில் ஃபிளாஷைத் துடைத்துப் புதிதாக அமைத்தார்கள். தொண்ணூறு நாளுக்கென்று அனுப்பிய ஊர்தி, 2010 மார்ச்சு வரையில் பேசிக்கொண்டிருந்தது.

அந்த வாசல் நம் தாராவிப் பெட்டியில் இருந்ததா? இல்லை. வேர்க் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய முடியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரியும் நான் எழுதவில்லை.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். நம் மன்றம் வைக்கும் எந்தப் பெட்டியிலும் வேர்க் கோப்பு முறைமை படிக்க மட்டுமாகவே மவுண்ட் செய்யப்பட வேண்டும். விதிவிலக்கு வேண்டா. அந்தந்த நேரத்துக்கு வேண்டிய சில்லறை எழுத்துகள் ராமில் எழுதப்படட்டும், மின்சாரம் போனால் அவை போகட்டும், கவலையில்லை. இது கடினமான வித்தையும் அன்று. அடியில் மாறாத கோப்பு முறைமை, மேலே மெல்லிய கண்ணாடித்தாள் போல ஓர் எழுதும் அடுக்கு: ஓவர்லே என்னும் இந்த வசதி 2014 முதல் லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது. ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. நான் அதைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன்! ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட வைஃபை ரவுட்டர் யாரிடமாவது இருந்தால் கவனியுங்கள். மாறாத அடித்தளம் ஸ்குவாஷ்எஃப்எஸ். நாம் செய்யும் மாற்றங்கள் மேலடுக்கில். ஊசியால் ரீசெட் பொத்தானைக் குத்தினால் மேலடுக்கு மட்டும் அழியும். அடித்தளம் அப்படியே எழுந்து நிற்கும்.

பிள்ளைகள் எழுதுவதற்கு மட்டும் உண்மையான எழுத்துரிமை வேண்டும். அதற்கு அதே கார்டில் வேறு பிரிவு வெட்டினால் போதும் என்று நண்பரொருவர் சொன்னார். போதாது. பிரிவு நம் கணக்கில்தான் வேறு. கார்டின் உள்ளே உட்கார்ந்திருக்கும் குட்டிக் கணக்குப்பிள்ளைக்கு எல்லாம் ஒரே சுவர். ஆகவே எழுத்துக்குத் தனி யுஎஸ்பி குச்சி. பழைய கோப்பின்மேல் எழுதாமல், புதுப்பெயரில் முழுவதும் எழுதி, அது சில்லில் சேர்ந்ததை உறுதிசெய்து, பிறகே பெயர் மாற்ற வேண்டும். குச்சியும் ஒருநாள் சாகும். ஆதலால் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறவர் தம் மடிக்கணினியில் ஒரு படி எடுத்து வர வேண்டும். குச்சி மவுண்ட் ஆகாவிட்டாலும் பெட்டி எழுந்து, "இன்று படிக்கலாம், எழுத முடியாது" என்று தமிழில் சொல்ல வேண்டும். கருந்திரையில் ஆங்கில வரியைக் கண்டு ஒரு பிள்ளை தான் எதையோ கெடுத்துவிட்டதாக அஞ்சி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுப்புகள் வந்தன. கார்டு நானூறு ரூபாய், போனால் வேறு வாங்கலாம் என்றார் ஒருவர். அவர் கார்டின் விலையைச் சொன்னார். நான் வேறொன்றின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யுபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கலாம் என்றார் இன்னொருவர். வாங்கலாம். ஆனால் அந்த அறையில் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட், மின்விசிறிக்கும் அதுதான். புழுங்கும் மாலையில் யுபிஎஸ்ஸைப் பிடுங்கிவிட்டு விசிறியைச் செருகுவது மனித இயல்பு. செருகுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது மறுப்பே கனமானது. படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டால் பிழைப் பதிவேடுகள் சில்லில் தங்கா. பெட்டி ஏன் விழுந்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒப்புக்கொள்கிறேன், இது இழப்புத்தான். புது மென்பொருள் போடும்போது பூட்டைத் திறந்து, போட்டு, மறுபடி பூட்ட வேண்டும், அதுவும் தொல்லைதான். ஆனால் பதிவேட்டின் மேலுள்ள அளவற்ற காதல் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டெஸ்லா தன் பழைய கார்களின் நடுத்திரையில் 8 கிகாபைட் ஃபிளாஷ் வைத்தது. கார் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்ததில் ஃபிளாஷ் சில ஆண்டுகளில் தேய்ந்தது. பின்பக்கக் காமிராவின் படமும் திரையோடு போயிற்று. 2021-இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. நம் பெட்டியில் பதிவேடு ராமில் இருக்கட்டும். சனிக்கிழமை போகிறவர் படித்துக் குறித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் ஏட்டில் எழுதியதோடு நிற்கவில்லை. செம்பூர்ப் பெட்டியை செப்டம்பரில் இப்படி மாற்றினோம். மாற்றியபின் மூன்று பேர் உட்கார்ந்து, கையால் பிளக்கை நூறு முறை பிடுங்கினோம், பாதிமுறை, எழுதிக்கொண்டிருக்கும்போதே. நூறு முறையும் பெட்டி எழுந்தது. குச்சி நான்கு முறை பழுது பார்த்துக்கொண்டு தாமதமாக வந்தது. ஒருமுறை வரவே இல்லை. அந்த ஒருமுறையும் பிள்ளைகள் பாடநூலைப் படிக்க முடிந்தது. இந்தப் பிடுங்கும் சோதனையை ஜூலைக்கு முன்பே செய்திருக்கலாம். அதற்கு அறிவு வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும்.

தாராவியில் புதுப் பெட்டி வரும் சனிக்கிழமை. அந்தப் பெண் இப்போதெல்லாம் முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள். பொங்கலுக்கு ஆச்சி வருகிறாராம். மாலை நான்கு மணிக்கு சயான் நிலையத்தில் கூடுகிறோம். பிளக் பிடுங்க இருவரும், எண்ணிக் குறிக்க ஒருவரும் வேண்டும். கலை மாணவர்களாயிருந்தால் இன்னும் நல்லது. நாங்களே எழுதிய பெட்டியை நாங்களே சோதித்தால் கை கொஞ்சம் மென்மையாகிவிடுகிறது.